பெயரிடல் எங்ஙனம்? - இளையராஜாவின் இசைப்பத்து ஒன்றனைப் பற்றிய ஆய்வு

நூலுக்குப் பெயர் வரும் வழிகளைப் பவணந்தியார் வகுத்துரைத்துள்ளார். செய்தவன் பெயரால் வருவதும், செய்வித்தவன் பெயரால் வருவதும், அளவால் வருவதும், பொருளால் வருவதும், காரணம் கருதாது இடுகுறியாய் வருவதும் என அவ்வழிகள் பல. அவற்றுள் எதனுள்ளும் எளிதின் அடங்காத பெயரொன்றனை 1986ஆம் ஆண்டில் இளையராஜா தம் படைப்புக்கு இட்டார். ‘ஹவ் டு நேம் இட்?’ என்பது அப்பெயர். ‘இதற்குப் பெயரிடல் எங்ஙனம்?’ என்பது அதன் பொருள். வினாவே பெயராய் நிற்கின்றது. இது புதுமை விருப்பத்தால் எழுந்த விளையாட்டு என்று கருதுவார் உளர். அங்ஙனமன்று, படைப்பின் உட்பொருளே அவ்வினாவில் அடங்கியுள்ளது என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1976இல் ‘அன்னக்கிளி’யால் அறிமுகமான இளையராஜா, பத்தாண்டு இடைவிடாது திரைக்கு இசையமைத்த பின்னர், திரைக்கதையின் ஏவலின்றித் தம் விருப்பத்தால் ஆக்கிய தொகுப்பு இது. பத்து இசையுருக்கள் கொண்டது. பாட்டு இல்லை; சொல் இல்லை; கருவியிசை மட்டுமே. தனி வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். திருவையாற்றுத் தியாகராசருக்கும் (1767-1847), செருமானிய நாட்டு யோகான் செபாஸ்தியன் பாஃக்குக்கும் (1685-1750) இது காணிக்கையாக்கப்பட்டது. பாஃக் மறைந்து பதினேழாண்டு கழித்துத் தியாகராசர் பிறந்தார். ஒருவர் பெயரை மற்றவர் கேட்டறிந்தார் என்று கொள்ளச் சான்றில்லை.

சொல்லில்லா இசைக்கும் தமிழாய்வுக்கும் என்ன இயைபு என வினவுவார்க்கு நம் தொகைநூல்களே விடை கூறும். பரிபாடலின் பாடற் குறிப்புகள் பாடினார் பெயரோடு இசை வகுத்தார் பெயரையும், பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்ணின் பெயரையும் தருகின்றன. பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் துறை, வண்ணம், தூக்கு ஆகியவற்றோடு பெயரும் உண்டு. அப்பெயர் பாட்டினுள் வரும் அரியதொரு தொடரால் அமைந்தது. எழுத்துக்கு அளவு கூறிய தொல்காப்பியரும், அவ்வளவிறந்து இசைப்பதனை யாழ்நூலார்க்கு உரியதென்று அவர்பால் ஒப்படைத்துச் செல்கின்றார். இயலாசிரியர் இசையைப் புறக்கணித்தது நம் மரபன்று. அண்மைக் காலத்துப் பழக்கமே அது. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரமும் (1917) விபுலாநந்த அடிகளின் யாழ்நூலும் (1947) வந்த பின்னரும் நம் துறைகளில் அப்பழக்கம் நீங்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

இனி, பத்தின் வைப்புமுறையைக் காண்போம். முதலாவது, தொகுப்பின் பெயரையே தாங்கிய வினா. இரண்டாவது ‘மேட் மாட் மூட் ஃபியூக்’. முதல் மூன்று சொற்களிலும் மகரம் மோனையாய் வருதலைத் தமிழ்ச் செவி உடனே உணரும். ஆங்கிலத் தலைப்பிலும் தமிழ்க்காது மறைவதில்லை. மூன்றாவது ‘நீ கட்டின்றி இருத்தல் இயலாது’ என்னும் பொருளது. நான்காவது வயலினுக்கு ஒரு பயிற்சி. ஐந்தாவது ‘அது வரையறுக்கப்பட்டது’. ஆறாவது ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’, அஃதாவது சிற்றவை தியாகராசரை வரவேற்கின்றது. ஏழாவது ‘என் வீட்டில் பாஃக்கைச் சந்தித்தேன்’. எட்டாவது ‘... யாங்கள் உரையாடினோம்’. ஒன்பதாவது ‘ஒப்பிடாதே’. பத்தாவது ‘எதுவும் செய்’.

தலைப்புகளை மட்டும் தொடர்ந்து படிப்பார்க்கும் ஒரு கருத்தோட்டம் புலனாகும். பெயர் யாது என்னும் ஐயத்தில் தொடங்கி, கட்டும் வரையறையும் கூறி, விருந்தினர் இருவரை வரவேற்று, அவருள் ஒருவரோடு உரையாடி, ஒப்பீட்டை விலக்கி, இறுதியில் முழு உரிமை வழங்கப்படுகின்றது. கட்டினை ஏற்ற பின்னரே உரிமை வருகின்றது என்பது கருதத்தக்கது. ஏழும் எட்டும் சேர்ந்து ஒரே வாக்கியம். ஏழன் முற்று எட்டில் விழுகின்றது. இதனைக் குளகம் என்னலாம். ஆறாம் தலைப்பில் மெல்லிய நகையும் உண்டு. தஞ்சை மன்னர் அவைக்குச் செல்ல மறுத்தவர் என மரபு போற்றும் தியாகராசரை, ஐரோப்பிய அவையிசை இங்கே எழுந்து நின்று வரவேற்கின்றது. பாஃக்கோ 1717 முதல் 1723 வரை கேத்தன் நகரத்துச் சிற்றரசரின் அவையில் ஊதியம் பெற்றவர்.

‘என் வீட்டில்’ என்னும் தொடர் இத்தொகுப்பின் திறவுகோல் என்பது எம் கருத்து. வயலின் தமிழகத்துக்கு விருந்தாய் வந்த கருவி. முத்துசாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசாமி தீட்சிதரும் (1786-1858) தஞ்சை நால்வருள் இளையவராகிய வடிவேலுவும் அதனைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினர். நம்மவர் அக்கருவியின் மரத்தை மாற்றவில்லை. நரம்பின் சுருதியையும் அமரும் முறையையும் மாற்றினர். மேலைநாட்டார் நான்கு நரம்பையும் ஐந்தைந்து சுர இடைவெளியில் ஏறுமுகமாகக் கூட்டுவர். நாம் ச-ப-ச-ப எனக் கூட்டுகின்றோம். அவர்கள் நின்று தோளில் தாங்குவர். நாம் தரையில் அமர்ந்து அதன் தலையைக் காலில் ஊன்றிக்கொள்கின்றோம். அதனால் இடக்கை கருவியைத் தாங்கும் சுமையினின்று விடுபட்டு, கமகத்துக்கு உரிமையுடையதாயிற்று. ஆகலின், பாஃக் இவ்வீட்டுக்கு வரும்பொழுது அவர்தம் கருவி ஏறத்தாழ இருநூறாண்டாக இங்கே குடியிருந்து, இவ்வீட்டு மொழியே பேசிக்கொண்டிருக்கின்றது. சந்திப்பு வெளிநாட்டில் நிகழவில்லை, மேடையிலும் நிகழவில்லை.

எனினும் சந்திப்பில் உண்மையான இடர் ஒன்று உண்டு. அதனை மறைத்துப் புகழ்தல் திறனாய்வாகாது. சிலப்பதிகார உரைமரபு நரம்புகளுக்கிடையே இணை, கிளை, பகை, நட்பு என நால்வகை உறவு கூறும். நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. மேலைநாட்டு ஒத்திசையோ ஒன்று, மூன்று, ஐந்து என்னும் மூன்று சுரங்களை ஒருங்கே ஒலிப்பித்தலை அடிக்கல்லாகக் கொண்டது. நாம் பகை என்று விலக்கியதனை அவர் நடுவில் அமர்த்தியுள்ளனர். மேலும், ஒத்திசைக்குச் சுரம் அசையாது நிற்றல் வேண்டும். கமகத்துக்குச் சுரம் அசைந்தே ஆகவேண்டும். இரு மரபையும் கலத்தல் எளிதென்பார் இவ்விரண்டையும் எண்ணிப் பாராதவர்.

இவ்விடர்க்கு வரலாறு ஒரு சிறு வழி காட்டுகின்றது. ஐரோப்பாவிலும் இடைக்காலத்து இசைநூலார் நான்கையும் ஐந்தையுமே முழு இயைபு என்றனர். மூன்றாம் சுரத்துக்கு அத்தகுதி தரவில்லை. நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே அது நட்பாயிற்று. எனவே பகை என்பது நரம்பின் இயற்கை அன்று. கேட்கும் செவி ஏற்படுத்திக்கொண்ட உறவு. இரு மரபுக்கும் ஐயமின்றிப் பொதுவானது கிளை ஒன்றே. ஃபியூக் என்னும் வடிவம் அக்கிளையை நம்பியே எழுந்தது. ஒரு குரல் ஒரு தொடரை எடுக்கும். இரண்டாம் குரல் அதே தொடரை ஐந்தாம் நரம்பிலிருந்து விடையாக எடுக்கும். முதற்குரல் அப்பொழுது வாளாவிராது வேறொரு நடையிற் செல்லும். இவ்வாறே குரல்கள் பெருகும். ஆய்ச்சியர் குரவையில் மாதரி மகளிர் எழுவர்க்கு ஏழு நரம்பின் பெயரிட்டு வட்டமாக நிறுத்திய காட்சியை அறிந்தார்க்கு, குரலுக்கு இளி விடை தரும் இவ்வடிவம் முற்றிலும் அயலாகத் தோன்றாது. இரண்டாம் இசையுருவை இளையராஜா ஏன் ஃபியூக்காக அமைத்தார் என்பதற்கு இதனினும் சிறந்த காரணம் எமக்குத் தோன்றவில்லை. பகையில் தொடங்காது கிளையில் தொடங்குகின்றார். ஏனைய இடங்களில் பணியைப் பகிர்ந்தளிக்கின்றார். நரம்பிசைக் குழு அசையாச் சுரங்களைத் தாங்கி நிற்கும். தனி வயலின் கமகத்தோடு செல்லும்.

திருப்பூரில் தமிழ் பயிற்றும் எமக்கு இதனை விளக்க ஓர் உவமை அருகிலேயே உள்ளது. சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும் நன்னூலார் உருவகித்தது யாவரும் அறிந்ததே. நூற்றபின் இழை துணியாகும் வழி இரண்டு. பல்லடத்திலும் சோமனூரிலும் விசைத்தறியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைகின்றன. அங்கே இழைகளின் பணி வேறு வேறு. திருப்பூர் நிட்டிங் எந்திரத்திலோ பாவு இல்லை. இழை தன்னையே வளைத்துக் கண்ணியாக்கி, முன்வரிசைக் கண்ணியினுள் நுழைந்து துணியாகின்றது. பனியன் துணி உடலோடு நெகிழ்தலும், ஒரு கண் அறுந்தால் கீழ்வரை ஓடுதலும் இதனாலேயே. இரவில் பனியன் கம்பெனியில் வேலை செய்து காலையில் வகுப்புக்கு வரும் மாணவர்க்குப் பாஃக்கின் தனி வயலினிசையை விளக்க இதனினும் வேறு உவமை தேவைப்படவில்லை. அவ்விசை பின்னல், ஒரே வில், ஒரே இழை. ஆயினும் மேலும் கீழும் தாவித் தாவிச் செல்லும் அவ்விழை இரண்டு மூன்று குரல்கள் ஒருங்கே செல்வது போன்ற உணர்வை எழுப்பும். அதன்மேல் மற்றொரு வயலினைச் செலுத்துவதோ நெசவு. பின்னலின்மேல் நெய்தல் இயலுமா என்பதே ஏழாம் இசையுருவின் சிக்கல்.

அங்கே எடுத்துக்கொள்ளப்பட்டது, தனி வயலினுக்குப் பாஃக் இயற்றிய ஆறு படைப்புகளின் 1720ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியில் இடம்பெற்ற மூன்றாம் பார்ட்டீட்டாவின் முகப்பிசை. மூன்றெண்ணிக்கை நடையில், இறுதி நெருங்கும் வரை ஏறத்தாழ ஓய்வே இன்றி ஓடும் துரித சுரங்கள் அதன் இயல்பு. அதில் ஒரு நுட்பம் உண்டு. விரல் படாத மேல்நரம்பு மீண்டும் மீண்டும் ஒலிக்க, பிற சுரங்கள் அதனைச் சுற்றி ஓடும் பகுதிகள் அதில் வருகின்றன. ஒரே சுரம் நிலைநிற்க ஏனைய இயங்குதல் என்பது நமக்கு ஆதார சுருதியன்றோ! செருமானிய இசையினுள்ளேயே தம்புராவின் நிழல் உள்ள இடத்தைத் தேர்ந்து, அவ்விடத்தில் இளையராஜா தம் வயலினை இருத்தியுள்ளார். எழுந்தமானத்தில் இத்தேர்வு அமைந்திராது.

பிறர் இசையின்மேல் கைவைத்தல் தகுமா என்னும் வினாவுக்குப் பாஃக்கே விடையளித்துள்ளார். இதே முகப்பிசையை அவர் 1731இல் ஆர்கனுக்கும் குழுவுக்குமாக மாற்றித் தேவாலயக் காண்டாட்டா ஒன்றன் தொடக்கமாக்கினார். ராக் இசைக் குழுக்களும் பாஃக்கை நாடியதுண்டு. ஆங்கில நாட்டு ஜெத்ரோ டல் குழு தன் ‘ஸ்டாண்ட் அப்’ இசைத்தட்டில் (1969) பாஃக்கின் பூரே ஒன்றனைப் புல்லாங்குழலில் வாசித்தது. இன்றும் சுவைஞர் அதனைப் போற்றுகின்றனர். அங்கே நிகழ்ந்தது நடைமாற்றம். பாஃக் வேறு உடை உடுத்தினார். இங்கே பாஃக்கின் உடை மாறவில்லை. அவர் தம் மொழியிலேயே பேசுகின்றார். இல்லத்தார் தம் மொழியில் விடை கூறுகின்றார்.

இவ்விடத்தில் எம் கருத்து பலர் கருத்தினின்று வேறுபடும். சுவைஞர் பெரிதும் பாராட்டுவது இவ்வேழாம் இசையுருவையே. கேட்டவுடன் வியப்பூட்டுவது அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் விருந்தினர் பேச்சு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. இல்லத்தார் என்ன கூறினும் அவர் தம் அடுத்த சொல்லை மாற்றப்போவதில்லை. இயற்கையில் அது உரையாடலன்று. உயர்ந்த உரை எழுதுதல் எனலாம். மூலம் அசையாது நிற்க, உரையாசிரியர் அதன் இடைவெளிகளில் தம் பொருளை வைத்துச் செல்வது போன்றது. பரிமேலழகரின் அறிவு நம்மை வியப்பிக்கும். ஆனால் வள்ளுவர் அவரோடு பேசினார் என்று சொல்லமாட்டோம். மாறாக, முதல் இசையுருவிலும் ஃபியூக்கிலும் மூலமும் இளையராஜாவுடையதே. இரு மரபும் ஒன்றற்கொன்று வளைந்துகொடுக்கும் இடங்கள் அவற்றிலேயே மிகுதி. கடினமான வேலை அங்கேதான் நடந்துள்ளது. புகழ் மட்டும் வேறிடத்துக்குச் சென்றது.

குறையும் கூறல் வேண்டும். நான்காவதன் பயிற்சித் தன்மை அதன் பெயரிலேயே உள்ளது; பயிற்சியினும் மிக்கதாக அது எம் செவிக்கு வளரவில்லை. தலைப்புகள் அனைத்தும் ஆங்கிலத்தில் அமைந்தமை குறித்துத் தமிழன்பர் வருந்துவர். ‘வீடு’ என்று தமிழில் இட்டிருப்பின் இல்லம், விடுதலை என்னும் இரு பொருளும் ஒருங்கே கிடைத்திருக்கும். மூன்றாம் தலைப்பின் கட்டுக்கும் பத்தாம் தலைப்பின் உரிமைக்கும் இடையே அச்சொல் எத்துணை அழகாக நின்றிருக்கும்! ஒன்பதாவதன் ஆணையை மீறி இக்கட்டுரை முழுவதும் ஒப்பிட்டுச் செல்கின்றது என்பதையும் அறிவோம். அவ்வாணையை ஏற்றால் ஒப்பியல் துறையையே மூடவேண்டிவரும்.

இழந்த அத்தமிழ்ச் சொல் வேறொரு வழியில் இத்தொகுப்பை வந்தடைந்தது. 1988இல் பாலு மகேந்திரா இயக்கிய ‘வீடு’ திரைப்படத்தின் பின்னணியில் இவ்விசையே எடுத்தாளப்பட்டது. கடன் வாங்கிச் சிறு வீடு ஒன்று கட்ட முயலும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் கதை அது. அர்ச்சனா அப்பெண்ணாகவும், சொக்கலிங்க பாகவதர் அவள் பாட்டனாராகவும் நடித்தனர். பாட்டே இல்லாத அப்படத்துக்கென்று இசையுரு எதுவும் தனியே எழுதப்படவில்லை. எனினும், பாதி எழும்பிய சுவர்களைப் பார்க்க முதியவர் குடையோடு தனியே வரும் காட்சியைக் கண்டோர்க்கு, இவ்வயலின் அவ்வீட்டுக்கென்றே இசைக்கப்பட்டது போலவே தோன்றும்.