பேய் பேசும் மொழி

பேய் என்பது இல்லை. உள்ளத்தின் நோயே பேயுருக் கொள்கிறது. இவ்வுண்மையை நகைச்சுவை கலந்து புகட்டியது 1993இல் பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ என்னும் மலையாளப் படம். 2005இல் பி. வாசு அதனைத் தமிழில் ‘சந்திரமுகி’ ஆக்கினார். இரண்டினையும் ஒப்பிட்டு நோக்குதல் நமக்குப் பயன் தருவதாம்.

மலையாளத்தில் கதையின் நடுநாயகம் நோயுற்ற கங்காவே. மருத்துவர் நெடுநேரம் சென்ற பின்னரே வருகிறார். கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிட்டியது. தமிழிலோ மருத்துவராகிய ரஜினிகாந்த் தொடக்கத்திலேயே தோன்றிப் படம் முழுவதையும் ஆள்கிறார். நோயாளி பின்னுக்குப் போகிறாள். போதாக்குறைக்கு மாளிகையில் ஒரு பெரும்பாம்பு வேறு! மருத்துவர் பேயில்லை என்கிறார். பாம்போ உண்டென்று அச்சுறுத்துகிறது. பகுத்தறிவு எங்ஙனம் தழைக்கும்?

இதனினும் பெரிய குறை ஒன்று யாவற்றிற்கும் பொது. மலையாளத்தில் அவ்வச்ச உரு தஞ்சைத் தமிழ்ப்பெண். தமிழிலும், 2004இல் வந்த கன்னடப் படத்திலும் தெலுங்குப்பெண். 2007இல் வந்த இந்திப் படத்தில் வங்கப்பெண். அவரவர்க்கு அயல்மொழியாளே பேய்! தெலுங்கு பேசிய பேயைக் கண்டு களித்த நாம், மலையாளியர் கண்ட பேய் தமிழ் பேசியதை எண்ணினோமா?

அயலாரை அஞ்சுதலும் ஒரு நோயே. 2001 மார்ச்சில் நம் கம்போங் மேடானில் அது உயிர்களைக் குடித்தது. அதற்கு மருந்து மந்திரமன்று. அண்டை வீட்டார் மொழியைக் கற்று, அவரோடு அமர்ந்து பேசுதலேயாம்.