‘வெறும் கோட்பாடு’: ஒரு சொல்லும் அதன் அரசியலும்

2018 ஜனவரியில் அப்போதைய மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங், டார்வின் சொன்னது அறிவியல்ரீதியாகத் தவறு, குரங்கு மனிதனாக மாறியதைப் பார்த்ததாக நம் முன்னோர் எவரும் சொல்லவில்லை என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக மறுத்தன. பலர் சிரித்தார்கள். 2023இல் சிரிக்க முடியவில்லை. என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு நூலில் ‘மரபும் பரிணாமமும்’ என்றிருந்த பாடம் ‘மரபு’ என்று சுருங்கியது. பாடச்சுமைக் குறைப்பு என்று காரணம் சொன்னார்கள். பன்னிரண்டாம் வகுப்பில்தான் இருக்கிறதே என்றார்கள். அது உயிரியல் எடுப்பவர்களுக்கு மட்டும். 1800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள்.

நீக்கியவர்களைப் பற்றிப் பேச வேறு பலர் இருக்கிறார்கள். எதிர்க்க வேண்டிய நம்மிடையே புழங்கும் மொழியைப் பற்றியே எனக்குக் கவலை. கூட்டங்களில் இரண்டு குரல்களைத் தொடர்ந்து கேட்கிறேன். ஒன்று: “டார்வின் சொன்னதும் ஒரு தியரிதானே தோழர், இன்னொரு பெருங்கதையாடல்தானே?” மற்றது: “பரிணாமம் நிரூபிச்ச உண்மை, அதுல பேச என்ன இருக்கு?” எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. கோட்பாடு என்பது உண்மைக்கு ஒரு படி கீழே இருப்பது என்று இரண்டுமே நம்புகின்றன.

சிறுபத்திரிகைச் சூழலில் ‘கோட்பாடு’ என்ற சொல் அமைப்பியல், பின்அமைப்பியல் விவாதங்களின் வழியே பரவியது. அங்கே அது ஒரு வாசிப்புமுறை. ஒரு பிரதியை இப்படியும் வாசிக்கலாம், அப்படியும் வாசிக்கலாம்; ஒரு வாசிப்பு இன்னொன்றைப் பொய்யாக்குவதில்லை. அதே பொருளைத் தூக்கிக்கொண்டு உயிரியலுக்குள் போனால் வம்புதான். அறிவியலில் ஊகத்துக்குக் கருதுகோள் என்று தனிச்சொல் இருக்கிறது. ஏராளமான உண்மைகளைக் கோத்து விளக்குவதும், இன்னும் பார்க்காதவற்றைப் பற்றித் துணிந்து சொல்வதும், சொன்னது பொய்த்தால் கையும் களவுமாக மாட்டிக்கொள்வதும்தான் கோட்பாடு. கிருமியால் நோய் வருகிறது என்பதும் கோட்பாடுதான். அது ஒருநாள் பதவி உயர்வு பெற்று ‘உண்மை’ ஆகப்போவதில்லை.

மாட்டிக்கொள்ள முடியுமா என்பதே கேள்வி. டார்வினியம் சோதிக்கத்தக்க கோட்பாடல்ல என்று கார்ல் பாப்பர் ஒருகாலத்தில் எழுதினார். 1977இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையில் இயற்கைத் தேர்வு குறித்த தன் கருத்தை மாற்றிக்கொண்டார். முதலாவதை மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை. பரிணாமத்தை எது பொய்யாக்கும் என்ற கேள்விக்கு, இந்தியக் குடிமகனாகிப் புவனேஸ்வரத்தில் 1964இல் இறந்த ஹால்டேன், கேம்பிரியனுக்கு முந்தைய பாறையில் ஒரு முயல் என்று பதில் சொன்னதாகச் சொல்வார்கள். 54 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறை. அப்படி ஒரு முயல் இதுவரை கிடைக்கவில்லை.

கிடைத்தது வேறு. மீன்களிலிருந்து கால்கள் உள்ள விலங்குகள் வந்தன என்றால், இரண்டுக்கும் நடுவிலான காலத்துப் பாறையில் இரண்டும் கலந்த உயிர் இருந்தாக வேண்டும். நீல் ஷூபினும் கூட்டாளிகளும் சுமார் 37.5 கோடி ஆண்டுப் பழமையுள்ள ஆற்றுப் படிவுப் பாறைகளைத் தேர்ந்துகொண்டு, கனடாவின் வடதுருவப் பகுதியில் 1999இலிருந்து தேடினார்கள். 2004இல் எல்ஸ்மியர் தீவில் கிடைத்தது டிக்டாலிக். மீனின் செதிலும் துடுப்பும். கூடவே கழுத்து, துடுப்புக்குள்ளே மணிக்கட்டு போன்ற எலும்புகள். “எவன் பார்த்தான்?” என்ற கேள்விக்கு இதுதான் பதில். பார்க்காமலேயே எங்கே தோண்டுவது என்று சொல்ல முடிந்தது.

கதை அதோடு முடியவில்லை. 2010இல் போலந்தில் அதைவிடப் பழைய, சுமார் 39 கோடி ஆண்டுக் காலடித் தடங்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. கால்கள் எப்போது தோன்றின என்ற கணக்கு விவாதத்துக்குள்ளானது. பொது மூதாதை என்ற அடிப்படை அசையவில்லை. எது அசைகிறது, எது அசையவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு ஒவ்வொரு திருத்தமும் தோல்வியாகத் தெரிகிறது.

பகுத்தறிவுத் தோழர்களிடமும் ஒரு வழக்கு உண்டு. பரிணாமம் என்றால் மாற்றம். அதோடு ‘வளர்ச்சி’யை ஏன் ஒட்டவைத்தோம்? கூன் விழுந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் படத்தை அட்டையில் போட்டுக்கொண்டே இருக்கிறோம். சிம்பன்சியிலிருந்து நாம் வரவில்லை. இரண்டுக்கும் பொது மூதாதை சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்தது. நாடாப்புழுவுக்குக் குடல் கிடையாது; அதன் முன்னோர்களுக்கு இருந்தது. இது வளர்ச்சியா, தேய்வா? இரண்டுமில்லை. அந்தச் சூழலுக்கு அது போதும், அவ்வளவுதான். ஏணி இங்கே கிடையாது, கிளைவிட்ட மரம்தான்.

‘தகுதியுள்ளது பிழைக்கும்’ என்பது இன்னும் மோசம். அந்தத் தொடர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் உண்டாக்கியது. 1869இன் ஐந்தாம் பதிப்பில்தான் டார்வின் அதை ஏற்றார். உயிரியலில் அதன் பொருள், இருக்கும் சூழலில் சந்ததியை விட்டுச்செல்லும் வாய்ப்பு மட்டுமே. 1990இல் மண்டல் பரிந்துரைக்கு எதிராக எழுந்த ‘தகுதி, திறமை’ கூச்சலைக் கேட்ட காதுகளுக்கு இந்த மொழிபெயர்ப்பு எதைச் சொல்லும்? இடஒதுக்கீட்டை ஆதரித்துப் பேசுகிற அதே வாயால் இந்தத் தொடரையும் ஒப்பிப்பதைப் பார்க்கிறேன்.

இயற்கையிலிருந்து நீதியை உருவிவிட முடியாது. சமத்துவத்துக்கு டார்வின் சாட்சி தேவையுமில்லை. ஆனால் தலையில் ஒருவனும் காலில் ஒருவனுமாகப் பிறந்தோம் என்ற கதைக்கு உயிர்களின் வரலாற்றில் இடமில்லை என்பதை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை தானே கண்டுகொள்ள முடியும். அதற்குப் பரிணாமத்தைப் பாடநூலில் மீண்டும் சேர்த்தால் மட்டும் போதாது. அது எப்படி அறியப்பட்டது, எப்படிப் பொய்யாகியிருக்கலாம் என்பதும் பாடமாக வேண்டும். நம் கோரிக்கையில் அந்த இரண்டாவது பாதியை இன்னும் காணோம்.