விண்டோஸ் 8 இடைமுகமும் பயனர் எதிர்ப்பும்

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2012 அக்டோபர் 26 அன்று வெளியிட்ட விண்டோஸ் 8 இயங்குதளத்தில், விண்டோஸ் 95 முதல் திரையின் இடது கீழ் மூலையில் இருந்துவந்த தொடக்கப் பொத்தான் நீக்கப்பட்டது. கணினியைத் திறந்ததும் வழக்கமான முகப்புக்குப் பதிலாக வண்ணக் கட்டங்கள் நிறைந்த முழுத்திரை தோன்றியது. தொடுதிரைக் கருவிகளுக்கு இது பொருந்தியது. சுட்டியும் விசைப்பலகையும் கொண்டு வேலை செய்தவர்களிடமோ கடும் எதிர்ப்பு எழுந்தது.

இதைப் பழக்கத்தை விட மனமில்லாதவர்களின் முணுமுணுப்பு என்று ஒதுக்குவது சரியன்று. புதியதைக் கற்க, எங்கே தொடங்குவது என்பதாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். விண்டோஸ் 8-இல் கணினியை அணைக்கச் சுட்டியைத் திரையின் வலது மூலைக்குக் கொண்டுசென்று, அங்கே தோன்றும் பட்டையில் 'அமைப்புகள்' பகுதியைத் திறக்க வேண்டியிருந்தது. அந்த மூலையில் இதற்கான அடையாளம் எதுவும் இல்லை. பழைய பட்டியலைத் திரும்பத் தரும் 'கிளாசிக் ஷெல்' போன்ற வெளி மென்பொருள்களைப் பலர் நாடினர்.

2013 அக்டோபரில் வந்த 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. அதை அழுத்தினால் அதே கட்டத் திரைதான் வந்தது. தொடக்கப் பட்டியல் 2015 ஜூலையில், விண்டோஸ் 10 பதிப்பில்தான் மீண்டது. வண்ணக் கட்டங்கள் அந்தப் பட்டியலுக்குள்ளும் இருந்தன. பழைய வழியை அடைக்காமலே புதியதைச் சேர்த்திருக்க முடியும் என்பதை இது காட்டுகிறது.