ரூபெக் மாற்றிய சிலை

1899-ல் வெளிவந்த ‘மரித்த நாம் விழித்தெழும்போது’ இப்ஸனின் கடைசி நாடகம். (1900-ல், பதினெட்டு வயது ஜாய்ஸ் இதைப் புகழ்ந்து கட்டுரை எழுதினார்.) கலைக்காக வாழ்வைப் பறிகொடுத்த கலைஞனின் சோகம் என்று இதைச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு இதில் சம்மதமில்லை.

சிற்பி ரூபெக்கிற்காக ஐரீன் நிர்வாணமாக நின்றாள். அவன் தொடவில்லை; தொட்டால் சிருஷ்டி களங்கப்படும் என்ற பயம். வேலை முடிந்ததும் நன்றி சொல்லி, அந்த உறவை ஓர் இடைச்சம்பவம் என்றான். அவள் போய்விட்டாள். இவ்வளவும் தெரிந்த கதை. அதன்பின் சிலைக்கு நேர்ந்ததுதான் விஷயம். பல வருஷங்கள் கழித்து மலையில் சந்திக்கையில் அவனே அவளிடம் சொல்கிறான்: பீடத்தை அகலமாக்கி, மிருகச் சாயல் ஒளிந்த மனித முகங்களை நிரப்பி, அவள் உருவைப் பின்னுக்குத் தள்ளியதை, முன்னால், குற்ற உணர்வில் குமையும் மனிதனாகத் தன்னையே வைத்ததை. பச்சாத்தாபத்திலும் அவனுக்கு முதல் வரிசைதான் வேண்டியிருக்கிறது. ஐரீன் அவனைக் ‘கவிஞன்’ என்கிறாள், வசையாக. தப்பித்துக்கொள்ள வசதியான பட்டம் அது என்பது அவள் கட்சி. கவிதை எழுதும் நண்பர்களுக்கு இந்த இடம் உவப்பாக இராது.

கடைசியில் இப்ஸனே தளர்ந்துவிடுகிறார். பனிச்சரிவு இருவரையும் மூடும்போது ரூபெக்குக்கு ஒரு மகத்துவம் கிடைத்துவிடுகிறது. ஐரீனின் பிராது விசாரிக்கப்படாமலே போகிறது.