ஆண்டாளும் இறுதியாண்டு ஆய்வேடும்

அமெரிக்கக் கல்லூரிகளின் சமயவியல் துறைகளில், நன்றாகப் படிக்கும் இளங்கலை மாணவர் இறுதியாண்டில் ஆனர்ஸ் ஆய்வேடு எழுத முன்வரலாம். பெரும்பாலும் இரண்டு பருவங்கள், ஒரு நெறியாளர், கடைசியில் வாய்மொழித் தேர்வு. இடத்துக்கு இடம் வழக்கம் மாறும். ரீட் கல்லூரியில் பட்டம் பெற எல்லோருமே ஆய்வேடு எழுதியாக வேண்டும். ஸ்வார்த்மோரில் 1922இல் தொடங்கிய ஆனர்ஸ் திட்டத்தில் வெளியிலிருந்து வரும் அறிஞர்களே தேர்வாளர்கள்.

மற்ற துறைகளைவிடச் சமயவியலுக்கு இந்தப் பயிற்சி கூடுதலாகத் தேவை என்பேன். அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்பை வழிபாடாக நடத்தக் கூடாது, சமயத்தைப் பற்றிப் பாடமாகக் கற்பிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. அதையொட்டி அரசுப் பல்கலைக்கழகங்களிலும் இத்துறை வேகமாக வளர்ந்தது. கும்பிடுவது வேறு, ஆராய்வது வேறு என்பதை வகுப்பில் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். தன் வீட்டுப் பூசையறையைப் பற்றியோ, தனக்குப் பிடிக்காத ஒரு சபையைப் பற்றியோ எழுபது பக்கம் எழுதும்போதுதான் அது எவ்வளவு கடினம் என்று புரியும். நெறியாளர் ஒவ்வொரு பக்கத்திலும் 'இது அவர்கள் நம்பிக்கையா, உங்கள் முடிவா?' என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதற்கு ஈடான கல்வி வேறில்லை.

குறை எங்கே வருகிறது? மொழியில். ஆழ்வார்களில் ஒருவரான ஆண்டாளைப் பற்றி எழுத ஒரு மாணவி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் தெரியாது. கையில் இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகள்; அவை முரண்படும் இடத்தில் எது சரி என்று சொல்ல வழியில்லை. வைணவர்கள் ஆண்டாளைப் படிப்பது பெரியவாச்சான் பிள்ளையின் உரை வழியாக. தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையிலுள்ள அந்த உரை அவளுக்கு எட்டாது. மூலத்தில் கால் ஊன்ற முடியாதபோது கோட்பாட்டில்தான் ஒதுங்க வேண்டியிருக்கிறது. முதல் இயல் முழுக்க துர்க்கைம், எலியாடே, ஜே. இசட். ஸ்மித் போன்ற சமயக் கோட்பாட்டாளர்கள்; ஆண்டாள் மூன்றாம் இயலில்தான் வருகிறாள், அதுவும் சான்றாக மட்டும். இதை மாணவியின் சோம்பல் என்று சொல்வது அநியாயம். முனைவர் பட்ட ஆய்வின் சட்டையைச் சிறுவயதிலேயே மாட்டிவிட்ட துறையின் தவறு அது.

அதே மாணவி தன் ஊர்ப் பெருமாள் கோயிலுக்கு ஒரு மார்கழிக் காலையில் போயிருக்கலாம். ஆண்டாளின் திருப்பாவையை யார் முன்னின்று சொல்கிறார்கள், கையிலிருப்பது புத்தகமா கைபேசியா, பாசுரம் தமிழ் எழுத்திலா தெலுங்கிலா ரோமன் எழுத்திலா, குழந்தைகளின் உச்சரிப்பை யார் திருத்துகிறார்கள் என்று பார்த்து எழுதினால், அது வேறெவரும் தர முடியாத அறிவு. ஹார்வர்டில் டயானா எக் 1991இல் தொடங்கிய பன்மைத்துவத் திட்டம், மாணவர்களைத் தத்தம் ஊர்க் கோயில்களுக்கும் மசூதிகளுக்கும் அனுப்பித்தான் வளர்ந்தது. ஆனால் நேர்காணல் என்றாலே கல்லூரியின் ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதல் தேவைப்படலாம். அது வர வாரங்கள் ஆகும் என்பதால் பலர் நூலகத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

தலைப்பை ஏற்கும் முன் துறை கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எந்த மொழியில் படிப்பீர்கள்?' என்பது. சிகாகோ, பெர்க்லி போன்ற சில இடங்களில்தான் தமிழ் வகுப்பு உண்டு. அங்கே படிப்பவர்களை இரண்டாம் ஆண்டிலேயே அதில் சேர்த்துவிட வேண்டும். மற்றவர்களுக்குக் கள ஆய்வின் ஒப்புதல் வேலையை மூன்றாம் ஆண்டுக் கோடையிலேயே நெறியாளர் தொடங்கித் தர வேண்டும்.