பாடி மேம்பாலத்து இறக்கம்

வண்டி வந்து இருபது நாள் ஆகிறது. டியாகோ இவி, மின்சாரக் கார். பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து. முதல் நாள் ஸ்டார்ட் செய்ததும், "ஓடுதாப்பா?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது பாடி மேம்பாலத்து இறக்கம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து மெல்ல இழுப்பதுபோல வண்டி தணிகிறது. அந்த நேரத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி, ஓட்டத்தின் ஆற்றலை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. பெட்ரோல் வண்டியில் பிரேக் கட்டையின் சூடாக வீணாய்ப் போனது இதுதான். அம்பத்தூர் ஓ.டி. நெரிசலில் நின்று நின்று ஊர்ந்தாலும் பிரேக்கை அதிகம் தொடுவதில்லை. எவ்வளவு அழகான ஏற்பாடு!

பேட்டரி 24 கிலோவாட் மணி; வீட்டு மீட்டர் கணக்கில் 24 யூனிட். ஏசிக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக்கே போதும். ராத்திரி செருகினால் காலையில் நிறைந்திருக்கிறது.

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் சாலையில் வேகமெடுத்தால் மட்டும் சதவீதம் சட்டென்று இறங்குகிறது. ஊருக்குள் ஊர்ந்தால்தான் அதிக தூரம் வருகிறது. பெட்ரோலுக்கு நேர் எதிர். இதற்குப் பழகச் சில நாள் பிடித்தது.

நேற்று விடியலில் திருமுல்லைவாயல் மாசிலாமணீஸ்வரர் கோயில் பக்கம் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போனேன். ஓட்டிக்கொண்டே குயில் கூவுவதைக் கேட்டேன்.