தச்சுக்கூடத்து மெழுகுவத்தி

புனிதர் ஒருவரைப் புனிதரென்று காட்ட ஓவியர் என்ன செய்வார்? தலையைச் சுற்றி ஒளிவட்டம் தீட்டுவார். முகில் பிளந்து கதிர் இறங்கச் செய்வார். கத்தோலிக்கச் சமய ஓவியங்களில் இவ்வழக்கம் நெடுங்காலம் நிலவியது. லொரேன் நாட்டு ஓவியர் ஜார்ஜ் த லா தூர் (1593-1652) இவ்விரண்டையும் விலக்கி வரைந்த ஓவியமே ‘தச்சர் சூசையப்பர்’. 1642ஆம் ஆண்டளவில் தீட்டப்பட்ட இவ்வோவியம் பாரிசு நகரின் லூவர் காட்சிசாலையில் உள்ளது. இதில் ஒளி தருவது ஒரே ஒரு மெழுகுவத்தி.

இரவு வேளை. முதியவரான சூசையப்பர் குனிந்து, கனத்த மரமொன்றைத் துரப்பணத்தால் துளைக்கிறார். நெற்றியில் சுருக்கங்கள். தரையில் உளியும் கொட்டாப்புளியும் கிடக்கின்றன. எதிரே பாலன் இயேசு மெழுகுவத்தி ஏந்தி, மறு கையால் சுடரை மறைத்திருக்கிறார்.

ஓவியத்தின் உயிர்நிலை அந்தக் கையே. மறைக்க வந்த கை ஒளியைத் தடுக்கவில்லை. விரல்களின் சதையூடே ஒளி செந்நிறமாய்க் கசிகிறது. பாலனின் முகமோ பளீரென்று துலங்குகிறது. ஒளி சுடரிலிருந்து வருகிறதா, முகத்திலிருந்து வருகிறதா என்று காண்போர் ஐயுறுவர். இயேசுவை உலகின் ஒளி என்று விவிலியம் கூறும். அக்கருத்தை ஓவியர் ஒரு கையைக் கொண்டே விளக்கிவிட்டார்.

துளைக்கப்படும் மரம் பின்னர் வரவிருக்கும் சிலுவையைக் குறிக்கும் என்பர் ஆய்வாளர். ‘இது தொழிற்கூடக் காட்சிதானே, இதில் குறியீடு காண்பது மிகை’ என்று மறுப்பாரும் உளர். அம்மறுப்பு முற்றும் தள்ளத்தக்கதன்று. கிடக்கும் ஒவ்வொரு கருவிக்கும் பொருள் கற்பிப்பது வீண் வேலை. ஆயினும் சூசையப்பரின் கண்களைக் காண்க. மரத்தைத் துளைக்கும் தச்சர் மரத்தையன்றோ நோக்க வேண்டும்? இவர் கண்களோ வேலையை விட்டு உயர்ந்து பாலன்பால் செல்கின்றன. மரத்தையும் மைந்தனையும் இணைக்கும் அப்பார்வையே உள்ளுறைப் பொருளுக்கு ஓவியத்தினுள்ளேயே கிடைக்கும் சான்று.

பொருளினின்று பிரிந்து நிற்கும் குறியீடு வெறும் விடுகதையாகிவிடும். இங்கே மரம் முதலில் மரமாகவே இருக்கிறது. சிலுவை பின்னரே நினைவுக்கு வருகிறது. மெழுகுவத்தியும் முதலில் வளர்ப்புத் தந்தையின் வேலைக்கு மகன் பிடித்த விளக்கே. ஒளிவட்டம் இல்லாமையால் பக்தி குறைந்துவிடவில்லை. உழைப்பால் சுருங்கிய நெற்றிமீது அச்சிறு சுடரின் ஒளி படும்போது, சூசையப்பரின் தூய்மைக்கு வேறு அடையாளம் வேண்டப்படவில்லை.